பெட்டியில் உறங்கும் படங்கள்



என் ஊர் டெலானிபூர். விடுதியில் இந்தப் பெயரைச் சொன்னதும், "அது எந்த மாவட்டம்?" என்று கேட்பவர் பலர். சென்னையிலிருந்து வங்கக் கடலில் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் சென்றால் அந்தமான் தீவுகளின் தலைநகர் வரும். அதன் ஒரு பகுதிதான் டெலானிபூர். 2024 செப்டம்பரில் தலைநகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டினார்கள். அதுவரை அது போர்ட் பிளேர். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளில் வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து பேருக்குத் தமிழே தாய்மொழி. ஆகவே, என்னை அயல்நாட்டான் என்று எண்ணிவிட வேண்டாம்!

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது நான் ஒரு பெரும் பிழை செய்தேன். நீங்களும் அதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட நிழற்படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் என் அப்பத்தா இளம்பெண்ணாக அமர்ந்திருப்பார். அவர் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று. என் தந்தைக்கு மூத்தவள். எனக்கு அத்தையாகியிருக்க வேண்டியவள். படம் எடுத்த மறு ஆண்டே காய்ச்சலில் இறந்து போனாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரே படந்தான். அதைப் படியெடுத்து உறவினர் எல்லோருக்கும் அனுப்பலாம் என்று எனக்கு ஆசை. சட்டத்தைக் கழற்றினேன். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மெல்ல இழுத்தேன், வரவில்லை. சற்று வலிந்து இழுத்தேன், வந்துவிட்டது. ஆனால், குழந்தையின் முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள்தான் இருந்தது. கண்ணாடியில் ஏதோ கருமையாகப் படிந்திருந்தது. அழுக்கு என்று எண்ணி ஈரத்துணியால் துடைத்தேன். அதுவும் போயிற்று.

அப்பத்தா என்னைத் திட்டவில்லை. படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "விடு ராசா. அவ முகம் எனக்கு மறக்காது. உங்களுக்குத்தான் இல்லாமப் போச்சு" என்றார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. படம் ஏன் கண்ணாடியில் ஒட்டியது? நான் துடைத்தெறிந்தது எது? கல்லூரிக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேடிப் படித்தேன். அறிந்ததைச் சொல்கிறேன்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் வெறும் தாள் அன்று. தாளின்மேல் வெண்மையான பூச்சு ஒன்று. அதன்மேல் ஜெலட்டின் என்னும் பசைப் படலம். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது. அந்தப் படலத்துக்குள் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் இருக்கின்றன. அவையே நாம் காணும் கருமை. மனிதர் முகமும், சேலைக் கரையும், பின்னால் நிற்கும் தென்னையும் எல்லாம் அந்த வெள்ளித் துகள்கள் சேர்ந்தும் விலகியும் நிற்பதால் தோன்றுவனவே.

ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் உப்பி இளகும். எங்கள் தீவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை; சென்னையைப் போல இரண்டு பங்கு. தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். அந்த ஈரக்காற்றில் இளகிய படலம் தன்மேல் அழுந்தியிருக்கும் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. வெயில் காலத்தில் காய்ந்து இறுகிவிடுகிறது. இவ்வாறு ஐம்பது ஆண்டு நடந்தால், படம் தாளுக்குச் சொந்தமா கண்ணாடிக்குச் சொந்தமா என்று சொல்ல முடியாது. நான் இழுத்தபோது படலம் தாளை விட்டுக் கண்ணாடியோடு நின்றுவிட்டது. கண்ணாடியில் கருமையாகத் தெரிந்தது அழுக்கு அன்று. அதுதான் அத்தையின் முகம். பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்திருந்தால் ஓரளவாவது தெரிந்திருக்கும். அறியாமையால் அதைத் துணியில் துடைத்தெடுத்தேன்.

ஈரம் செய்யும் கேடு இது ஒன்றுதானா? ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல உணவு. படங்களின்மேல் சிலந்தி வலைபோல் படரும் வெண்புள்ளிகள் அந்தப் பூஞ்சையே. படம் கழுவும்போது 'ஹைப்போ' என்னும் உப்பு நீரில் இடுவார்கள். பிறகு அந்த உப்பு முழுவதும் நீங்குமாறு நல்ல நீரில் அலச வேண்டும். அவசரத்தில் அலசாமல் விட்டால் பிற்காலத்தில் படம் மஞ்சளிக்கும். வண்ணப் படங்களின் கதை வேறு. அவற்றில் இறுதியில் நிற்பது வெள்ளி அன்று, சாயம். 1970களின் வண்ணப் படங்கள் பல செந்நிறமாகிவிட்டதைக் கண்டிருப்பீர்கள். நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிட, சிவப்புச் சாயல் மேலோங்கி நிற்கிறது. பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் இது நடக்கும். திருமணப் படத்தில் எல்லோரும் மாலை வெயிலில் நிற்பது போலத் தோன்றினால், அது வெயில் அன்று, முதுமை.

இனி, படங்களைப் படிக்கும் முறையைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். மறுநாள் அப்பத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். அறுபத்து மூன்று படங்கள் இருந்தன.

சில படங்கள் சதுரமாக இருந்தன. அவை ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம் எடுக்கும் கேமராவில் எடுத்தவை. 'ஆக்ஃபா கிளிக்' போன்ற எளிய கேமராக்கள் அக்காலத்தில் நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் இருந்தன. பன்னிரண்டே படம் என்பதால் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணியே எடுத்தார்கள். நம் உதகமண்டலத்திலேயே 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் தோன்றியதும், நிலவைக் குறிக்கும் 'இந்து' என்ற பெயரில் அது சுருள்களும் தாள்களும் விற்றதும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்று அந்த ஆலை இயங்கவில்லை. ஆனால் அதன் தாள்கள் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன.

சட்டத்திலிருந்து எடுத்த படத்தின் பின்புறம் தாத்தாவின் கையெழுத்து இருந்தது: "போர்ட் பிளேர், மார்கழி 1968, பிற்பகல் 3 மணி." படத்திலோ நிழல்கள் ஆளைப் போல இரண்டு மடங்கு நீண்டிருந்தன. சென்னையில் மார்கழி மாதம் மூன்று மணிக்கு நிழல் ஒன்றரை மடங்குதான் இருக்கும். தாத்தா மணியைத் தவறாக எழுதிவிட்டாரா? இல்லை. இந்திய நேரம் 82½ பாகை நெட்டாங்கைக் கொண்டு கணிக்கப்படுவது. எங்கள் ஊர் 92¾ பாகைக்கு அருகில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே எங்கள் கதிரவன் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முன்னே ஓடுகிறான். மார்கழியில் ஐந்து மணி கடந்த சற்று நேரத்தில் மறைந்தும் விடுகிறான். பின்புறத்து ஒரு வரியும் முன்புறத்து நிழலும் ஒன்றுக்கொன்று சான்று சொல்லின. படம் எடுத்த இடம் எது என்று ஐயம் எழுந்தால், நிழலும் விடை கூறும்!

வேறொரு படத்தில் தகரக் கூரை போட்ட மர வீடு. கூரையின் கீழே வரிசையாக எண்ணெய்ப் பீப்பாய்கள். "இது என்ன, கடையா?" என்று கேட்டேன். அப்பத்தா சிரித்தார். கூரையிலிருந்து வழியும் மழை நீரைப் பிடிக்க வைத்தவையாம். அத்தனை மழை பெய்தும் எங்கள் ஊரில் கோடையில் தண்ணீர்ப் பஞ்சம். மேட்டு நிலம் ஆதலால் பெய்த நீர் விரைந்து கடலுக்கு ஓடிவிடும். பீப்பாய் நீர் துவைக்க. குழாய் நீர் குடிக்க. குழாயடியில் வரிசையில் நின்றுதான் தமிழ்ப் பெண்களும் வங்காளப் பெண்களும் தெலுங்குப் பெண்களும் ஒருவர் மொழியை ஒருவர் கற்றார்களாம். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தி பேசுவார், வங்காளமும் பேசுவார். என் தந்தையைக் குழந்தையாகத் தூக்கி வைத்திருக்கும் பெண் யார் என்று எங்களுக்கு யாருக்கும் தெரியாமல் இருந்தது. அடுத்த வீட்டு வங்காளத்து அம்மா என்று அப்பத்தா சொன்னார். அப்பத்தா பிரசவித்துக் கிடந்தபோது ஒரு திங்கள் சோறாக்கிப் போட்டவர் அவர்தானாம். படத்தில் முகம் இருந்தது. கதை அப்பத்தாவிடம் இருந்தது.

மற்றொரு படத்தில் ஹேடோ துறைமுகத்தில் பெருங்கூட்டம். யாரையும் வழியனுப்ப வந்த கூட்டம் அன்று அது. கப்பல் வரும் நாள் என்றால் உறவினர் வராவிட்டாலும் துறைக்குப் போவார்களாம். சென்னையிலிருந்து கப்பல் வர ஏறத்தாழ மூன்று நாள். கடிதமும், பழைய நாளிதழும், புளியும், மிளகாயும், பொங்கலுக்குச் சேலையும் எல்லாம் அதில்தான் வரவேண்டும். இன்னொரு படத்தில் வீட்டு ஆட்கள் அனைவரும் நிற்க, நடு நாற்காலியில் மாப்பிள்ளை போல வானொலிப் பெட்டி ஒன்று வீற்றிருக்கிறது! அகில இந்திய வானொலியின் போர்ட் பிளேர் நிலையம் தொடங்கியது 1963இல். வானொலிக்கு அந்த வீடு தந்த மதிப்பை அந்த நாற்காலியைக் கண்டே உணரலாம்.

தோழர்களே! செல்லுலார் சிறை 1979இல் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அங்கே விடுதலை வீரர்களின் படங்களைப் பெயரோடு காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அது நாம் செய்ய வேண்டிய கடமை. ஆனால் குழாயடி வரிசையையும் கப்பல் நாளையும் எந்தக் காட்சிச்சாலை வைக்கும்? அவற்றை வைத்திருப்பவை நம் வீட்டுத் தகரப் பெட்டிகளே.

பெயர் இல்லாத படம் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் தீவிலேயே சான்று உண்டு. 1857ஆம் ஆண்டின் இறுதியில் மௌவட் என்பவரின் தலைமையில் ஆங்கிலேயக் குழு ஒன்று அந்தமானுக்கு வந்தது. அதில் ஆஸ்கர் மல்லிட் என்ற படப்பிடிப்பாளரும் இருந்தார். அக்குழுவினர் தீவு மனிதர் ஒருவரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றார்கள். அவரைப் படமும் எடுத்தார்கள். பிறகு தீவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். வரலாற்றில் அவர் பெயர் 'ஜாக்'. அது பிடித்தவர்கள் இட்ட பெயர். அவருடைய தாய் அவரை என்ன சொல்லி அழைத்தாள் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. அவருக்கு நேர்ந்தது வல்லவர் இழைத்த கொடுமை. நம் பாட்டியருக்கு அதே நிலை நேர்ந்தால், அது நம்முடைய சோம்பலால் நேர்வது.

ஆதலால் விடுமுறைக்குச் செல்லும் நண்பர்கள் கீழ்க்கண்டவற்றை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

முதலாவது, கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரிக்காதீர்கள். கண்ணாடியோடேயே கைப்பேசியில் படியெடுங்கள். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். விளக்கு மின்ன வேண்டாம். உங்கள் முகமே கண்ணாடியில் தெரிந்தால், கைப்பேசிக்குச் சிறு துளை விட்ட கறுப்புத் துணியை முன்னே பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, புதிதாகச் சட்டம் போட்டால் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே ஓரத்தில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பசைத் தாள் ஆல்பங்களை நம்பாதீர்கள். அந்தப் பசை படத்தைக் கெடுக்கும். ஈரச் சுவரை ஒட்டிப் பெட்டியை வைக்காதீர்கள். மழையற்ற மாதங்களில் பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை உள்ளே போட்டு வையுங்கள்.

நான்காவது, படங்கள் ஒரே வீட்டில் மட்டும் இருத்தல் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நிகோபார்த் தீவுகளில் மனிதரோடும் வீட்டோடும் இத்தகைய பெட்டிகளும் போயின. சென்னைக்கும் எங்கள் தீவுக்கும் இடையே கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய பின், நூறு படங்களை அனுப்புவது எங்களுக்கும் எளிதாகிவிட்டது. இனி நாங்களும் சாக்குச் சொல்ல முடியாது.

ஐந்தாவதே எல்லாவற்றிலும் பெரியது: கேளுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று கேட்டு, மென்மையான பென்சிலால் பின்புறத்து ஓரத்தில் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்புறம் வரும். அழுத்தி எழுதினால் தடம் விழும்.

அறுபத்து மூன்று படங்களில் நாற்பத்தொன்றுக்கு அப்பத்தா பெயர் சொன்னார். மற்றவை அவருக்கும் நினைவில்லை. அவருக்கு முன்பே போய்விட்டவர்கள் சொல்லியிருக்க வேண்டியவை அவை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான் கேட்டிருந்தால் இன்னும் சில கூடியிருக்கலாம்.

புறப்படும் நாளில், முகமிழந்த அந்தப் படத்தை மீண்டும் சட்டத்தில் போட்டேன்; இம்முறை அட்டை வைத்து. அதற்குமுன் தாத்தாவின் வரிக்குக் கீழே அத்தையின் பெயரைப் பென்சிலால் எழுதினேன். அதுவரை எனக்கு அவள் பெயர் தெரியாது. செல்லம்மாள் என்று அப்பத்தா சொன்னார்.