சிமென்ட் பட்ட கையில் கரப்பான் ஏன்?

பட்டாபிராமில் 2024இல் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பார்க் போன்ற கட்டடங்களை எழுப்பும் கொத்தனார், சித்தாள் ஆகியோருக்கு நேரக்கூடிய தோல்நோய்களுள் முக்கியமான ஒன்று, எக்ஸிமா எனப்படும் கரப்பானின் ஒரு வகையாகிய ஒவ்வாமைத் தொடுதோலழற்சி. ஈரச் சிமென்டின் கடுங்காரம் தோலின் மேலடுக்கை அரிக்க, சிமென்டிலுள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் உட்புகுந்து உருமாறிப் புரதங்களோடு பிணைகிறது. அதனைப் பகையென நினைவிற்கொள்ளும் டி-செல்கள் எனும் வெள்ளணுக்கள், அடுத்தடுத்த தொடுகையின்போது அரிப்பையும் நீர்க்கொப்புளங்களையும் வெடிப்பையும் உண்டாக்குகின்றன. பல்லாண்டு தொல்லையின்றி வேலை செய்தவருக்கும் இந்நோய் திடீரெனத் தோன்றக்கூடும்.

ஐயத்திற்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்திற்குப் பின் அகற்றி, அடுத்த சில நாள்களிலும் தோலை ஆராயும் ஒட்டுச் சோதனையால் தோல் மருத்துவர் காரணத்தை உறுதிசெய்து, உரிய வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்பையும் ஈரம் காக்கும் களிம்பையும் பரிந்துரைப்பார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்போ, அரிப்பை உடனே அடக்கி நற்பெயர் பெற்றாலும், நாளடைவில் தோலை மெலியச் செய்வதோடு பூஞ்சைத் தொற்றையும் மறைத்துவிடும்.

டென்மார்க்கில் 1981 முதல் சிமென்டில் இரும்பு சல்பேட்டைச் சேர்த்துக் கரையும் குரோமியத்தைக் குறைத்த பின் கட்டடத் தொழிலாளரிடையே இந்நோய் வெகுவாகக் குறைந்தது. எந்தக் களிம்பையும்விட, ஆலையிலேயே செய்யப்படும் இத்திருத்தமே மேலான மருத்துவம்.