துரை வீட்டு டின்னும் நம் வீட்டுத் தேத்தண்ணியும்



சென்ற மாதம் சிலாங்கூரில் ஒரு தோட்டத்துக் கிளைக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து, கிளைத் தலைவர் வீட்டு அஞ்சடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் ஒரு சங்கதி சொன்னாள். கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில், ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றில் வேலை செய்கிறாள் அந்தத் தங்கச்சி. அந்த வீட்டு அம்மா ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால், துணிமணியைவிட டீத்தூள்தான் அதிகமாம்!

"எட்டுப் பெட்டி அண்ணே! கூட ஒரு கறுப்புப் போத்தல், பிஸ்கட்டு, டின்னுல பீன்ஸு. நம்ம கேமரன் மலையிலயே டீ விளையுது. இவங்க எதுக்கு அங்கேருந்து சுமந்துக்கிட்டு வராங்க? கேட்டா, 'இது வேற'ன்னு சிரிக்கிறாங்க. என்னாண்ணே வேற?"

அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

முதலில் அந்த அம்மா கொண்டுவந்த பெட்டியைப் பார்ப்போம். அதன்மேல் யார்க்‌ஷயர் டீ என்று எழுதியிருந்ததாம். யார்க்‌ஷயர் என்பது இங்கிலாந்தின் வடக்கே உள்ள குளிர்ப் பிரதேசம். ஆடு மேயும், கம்பளி நெய்வார்கள், நிலக்கரி தோண்டினார்கள். அங்கே தேயிலைத் தோட்டத்துக்கு எங்கே போவது? அந்தப் பெட்டிக்குள் இருப்பது கென்யாவிலும் அஸ்ஸாமிலும் இன்னும் சில நாடுகளிலும் விளைந்த இலைதான். அங்குள்ள தொழிலாளி பறித்தது இங்கிலாந்துக்குப் போய், கலந்து, பையில் அடைத்து, பெட்டியில் போட்டு, மறுபடியும் கடல் தாண்டி நம் நாட்டுக்கு வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லுகிறோம். அந்தச் சின்னச் சின்னப் பைக்குள் இருப்பது நீண்ட இலை அல்ல. பொடித்துச் சலித்த தூள்வகைதான். பைக்குள் இருந்து சீக்கிரம் சாயம் இறங்க வேண்டுமல்லவா? நம் ஒட்டுக்கடைக்காரர் துணி வடியில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றுகிறாரே, அந்தத் தூளுக்கு அது கிட்டத்தட்ட அண்ணன் தம்பி முறை!

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 80 பை கொண்ட பெட்டி சுமார் கால் கிலோ. எட்டுப் பெட்டி 2 கிலோ. ஒரு கிலோ தேயிலைக்குக் குறைந்தது நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆக அந்த அம்மா விமானத்தில் சுமந்து வந்தது எங்கேயோ ஒரு மலைச்சரிவில் ஒரு பெண்ணோ ஆணோ பறித்த பத்துக் கிலோ கொழுந்து.

அப்படியானால் அந்த அம்மா சொன்னது பொய்யா? இல்லை. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூடினால் குறைந்தால் டீயின் ருசி மாறும். பச்சைப் பால் ஊற்றுவதற்கும் பெட்டிப்பால் ஊற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. கேமரன் மலை உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதெல்லாம் கணக்கில் வரும். அதற்கும் மேலே, சின்ன வயதில் தாய் ஊற்றிக் கொடுத்த ருசி என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு எந்தக் கடையில் மாற்று வாங்குவது? பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்த எவருக்கும் அந்த ஏக்கம் உண்டு. நமக்குத் தெரியாததா!

ஆனால் ஏக்கம் எல்லாருக்கும் ஒன்றானாலும், அதைத் தீர்த்துக்கொள்ள எல்லாருக்கும் ஒரே வழி கிடைத்ததா? நமக்குச் சொல்ல இருப்பது அதைப் பற்றித்தான்.

துரைமார் காலத்தை எடுத்துக்கொள்வோம். 1869-இல் சூயெஸ் கால்வாய் திறந்த பிறகு இங்கிலாந்துக்கும் பினாங்குக்கும் இடையே கப்பல் பயணம் சுருங்கியது. பின்னாலேயே டின்களும் வந்தன. டின் வெண்ணெய், டின் இறைச்சி, டின் பிஸ்கட், ஜாம், சாஸ், கிறிஸ்மஸுக்குப் புட்டிங். 1903-இல் சிங்கப்பூரில் கோல்ட் ஸ்டோரேஜ் கம்பெனி தொடங்கி, ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சியையும் வெண்ணெயையும் இறக்கியது. வெயில் பொறுக்காமல் மலைக்குப் போனார்கள். கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டியதிலும் கொழுந்து கிள்ளியதிலும் நம் ஆட்களின் கை நிறைய உண்டு. அங்கே ஸ்ட்ராபெரியும் ரோஜாவும் வைத்து, கணப்பு மூட்டி, ஸ்கோனும் டீயுமாக ஒரு குட்டி இங்கிலாந்தையே கட்டிக்கொண்டார்கள்.

நம் பாட்டி 1950-களில் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். நாம் வெள்ளைக்காரத் துரையைக் கண்ணால் கண்டதில்லை. நாம் பிறந்த சமயத்தில் துரைமார் ஏறக்குறையப் போய்விட்டார்கள். 1981-இல் கத்ரி கம்பெனியின் பங்குகளை லண்டன் சந்தையிலேயே மலேசியா வாங்கியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் பாட்டி சொல்லக் கேட்ட கதை நிறைய. சமையலுக்கு ஹைனான் சீனர், அவரைக் குக்கி என்பார்கள். நாலு மணிக்கு டீ. பாத்திரத்தை முதலில் சுடுதண்ணீரால் அலசிச் சூடாக்க வேண்டும், பாலைத் தனிக் குவளையில் வைக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் துரைசாணியின் முகம் சிவந்துவிடுமாம்.

காலியான பிஸ்கட் டின் லயத்துக்கு வரும். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. மூடியில் குதிரை வண்டியும் பனி மூடிய வீடும் போட்டது. அதற்குள்ளே பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, ஊரிலிருந்து வந்த கடிதங்கள். அந்த பிஸ்கட் எப்படி இருக்கும் என்று கேட்டால் பாட்டி, "வாசம் தெரியும்டா, ருசி தெரியாது" என்பார்.

டின் என்றால் இன்னொரு கதையும் உண்டு. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. பால்வெட்டுக்குப் போகிறவர்களைக் கம்பிவேலி வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். கட்டுச்சோறு கொண்டுபோக முடியாது. பின்னர் சில வட்டாரங்களில் அரிசியே விற்காமல் பொதுச் சமையற்கட்டில் சமைத்த சோற்றை மட்டும் கொடுத்தார்கள். சோறு சீக்கிரம் கெட்டுவிடும், பதுக்க முடியாது என்பது கணக்கு. கடையில் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

"பால் டின்ன வாங்கி ஓட்டைய வெரலால அடச்சுக்கிட்டு வருவோம், எறும்பு மொய்ச்சிரும்" என்பார் பாட்டி. அதே பாட்டி பகலில் பங்களா அலமாரியைத் துடைக்கும்போது, ஓட்டையில்லாத டின்கள் மேலே வரை அடுக்கியிருக்குமாம். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைப்பாராம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. அதுதான் நமக்குக் கோபம் வரவைக்கும்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். துரை கொண்டுவந்ததில் சில நம்மோடு ஒட்டிக்கொண்டன. டின் பால் இல்லாமல் இன்று தே தாரிக் உண்டா? லயத்துக்குப் பின்னால் நாம் மாடு வளர்த்து, பச்சைப் பாலை பங்களாவுக்கும் டவுனுக்கும் விற்றுவிட்டு, டின் பாலை வாங்கி டீ கலக்கினோம்! உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ். காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தேத்தண்ணியில் நனைத்த கிரீம் கிரேக்கர். இப்போது அதை பத்து பகாட்டிலேயே செய்கிறார்கள்.

தங்கச்சி சொன்ன கறுப்புப் போத்தல் மார்மைட். பீர் காய்ச்சும்போது மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுப்பது. 1902-இல் இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊரில் செய்யத் தொடங்கினார்கள். உப்புக் கரிக்கும், பழகினால் விடாது. நம் ஊரில் கஞ்சியில் கலந்து நோயாளிக்குக் கொடுப்போரும் உண்டு. இதைப் பற்றி நம் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் இரத்தச் சோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். அவர் பல வழிகளில் சோதித்து, இந்த மார்மைட் போன்ற ஈஸ்ட் சத்தைக் கொடுத்தால் அவர்கள் தேறுகிறார்கள் என்று கண்டு 1931-இல் வெளியிட்டார். அதில் இருந்த சத்துதான் பிற்பாடு ஃபோலிக் ஆசிட் என்று பெயர் பெற்றது. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரை அதுதான், அம்மா. மறக்காமல் சாப்பிடுங்கள்.

கொடுத்தது அவர்கள் மட்டுமல்ல, கொண்டுபோனதும் உண்டு. நம் மிளகுத்தண்ணிதான் துரைமார் வாயில் 'மல்லிகட்டானி' ஆகி, இங்கிலாந்தில் டின்னில் அடைத்து விற்கும் சூப் ஆனது. மலாயாவில் ஞாயிறு மதியம் கறிச்சோறு சாப்பிட்டுப் பழகிய துரை, ஊருக்குத் திரும்பிய பிறகு கறித்தூளுக்கு அலைந்திருப்பார். அவருக்கும் அப்போது புரிந்திருக்கும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலா கப்பலில், மேல்தட்டில் பாய் விரித்து வந்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் மூட்டையில் என்ன இருந்தது? புளி, மிளகாய், கருவாடு, ஊறுகாய். சிலர் அம்மிக்கல்லையே தூக்கி வந்தார்கள் என்று கேட்டிருக்கிறோம். அது தீர்ந்த பிறகு? துரைக்குக் கப்பல் வந்தது. நமக்குத் தோட்டக் கடை இருந்தது. நாக்கு கேட்ட புளியும் பருப்பும் நல்லெண்ணெயும் 555 நோட்டுப் புத்தகத்தில் ஏறின. சம்பள நாளன்று கையெழுத்துப் போட்டு வாங்கும் பணம் கடை வாசலைத் தாண்டாது. கடன் தீராததால் வேறு தோட்டத்துக்குப் போக முடியாமல் கிடந்தவர்களை நமக்குத் தெரியும்.

அது பழைய கதை என்று நினைக்கிறீர்களா?

இரண்டு வாரங்களுக்கு முன் தெற்கே ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனோம். பெயர் இப்போது வேண்டாம். நம் ஆட்கள் இருந்த லயத்தில் இப்போது வங்காளதேசத் தொழிலாளர்கள். குத்தகைக்காரர் அவர்களை மாதம் இருமுறை லாரியில் ஏற்றி ஒரே ஒரு கடைக்குத்தான் கொண்டுபோகிறாராம். விலை டவுனைவிடக் கூடுதல். வாங்கியதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார். சீட்டுக் கேட்டால் கிடையாது.

அவர்களில் ஒரு தம்பி நம்மை உள்ளே அழைத்துப்போய் ஒரு போத்தலைக் காட்டினார். அடியில் இரண்டு விரல்கடை எண்ணெய். கடுகெண்ணெய். ஊரிலிருந்து வரும்போது அம்மா கொடுத்துவிட்டதாம். உருளைக்கிழங்கை மசித்து, அதன்மேல் சொட்டு ஊற்றிச் சாப்பிடுகிறார், வெள்ளிக்கிழமை மட்டும். அந்தக் கடையில் கடுகெண்ணெய் இல்லை. கேட்டால், "இருக்குறத வாங்கு" என்கிறார்களாம்.

பக்கத்து லயத்தில் இன்னும் இருக்கும் நம் குடும்பம் ஒன்றில் ஒரு பெரியவர் மூக்கைச் சுளித்தார். "என்னா நாத்தம்யா அந்த எண்ணெ!" அவர் மனைவி சும்மா இருக்கவில்லை. "ஆமா, நம்ம கருவாட்டுக்குத் துரைசாணி மூக்கப் பொத்துனத மறந்துட்டீங்க" என்றார். பெரியவர் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: சம்பளத்தை இந்தக் கடையில்தான், இன்னாரிடம்தான் செலவு செய்ய வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட முடியாது. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதற்கும் விதி உண்டு. இது உள்நாட்டார், வெளிநாட்டார் என்று பார்ப்பதில்லை. வெளிநாட்டுத் தொழிலாளரும் சங்கத்தில் உறுப்பினராகலாம்.

அந்தத் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். லாரி டவுனுக்குப் போக வேண்டும், எந்தக் கடையிலும் வாங்க விட வேண்டும், பிடித்தம் எல்லாவற்றுக்கும் சீட்டு வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். இந்த மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம். அதற்குச் சம்பளச் சீட்டுகள் தேவை. உங்கள் தோட்டத்திலும் இப்படி நடந்தால் சீட்டுகளை எடுத்து வையுங்கள். பத்திரமாக வைக்கப் பழைய பிஸ்கட் டின் இருந்தால் போதும்.

அந்தத் தம்பிக்குக் கடுகெண்ணெய் ஒரு போத்தல் கோலாலம்பூரில் வங்காளதேசக் கடைகள் இருக்கும் பகுதியில் வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் போகும்போது கொடுக்க வேண்டும்.