ஒரே அட்சரேகை, வேறு வேறு வெயில்

புது தில்லி: ராஜஸ்தானின் பலோடியும், சிக்கிம் தலைநகர் காங்டாக்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே 27 டிகிரியில் அமைந்துள்ளன. 2016 மே 19-ம் தேதி பலோடியில் பதிவான வெப்பம் 51 டிகிரி செல்சியஸ். காங்டாக்கிலோ கோடையில்கூட சராசரிப் பகல் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டுவதில்லை.

சூரியக் கதிர்கள் எந்தக் கோணத்தில் விழும் என்பதை அட்சரேகை தீர்மானிக்கிறது. ஆனால், அந்த வெப்பம் தங்குமா, தணியுமா என்பதை நில அமைப்பே முடிவு செய்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறைகிறது. காங்டாக் 1,600 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. பலோடியோ தார் பாலைவனப் பகுதி. ஈரமற்ற மண், மேகமற்ற வானம். தெற்கே சென்னையும் பெங்களூரும் 13-வது அட்சரேகையை ஒட்டியே இருந்தும், சுமார் 900 மீட்டர் உயரம் பெங்களூரைக் காக்கிறது.

மே, ஜூனில் சூரியன் கடக ரேகையை நோக்கி நகர்வதால் வடக்கே பகற்பொழுது நீள்கிறது. கடல் காற்றும் அங்கு எட்டுவதில்லை. அதனால்தான் பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள திருவனந்தபுரத்தைவிட தில்லி அதிகம் தகிக்கிறது.

இந்த வேறுபாட்டை இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்கில் கொண்டுள்ளது. சமவெளியில் 40, கடலோரத்தில் 37, மலைப் பகுதியில் 30 டிகிரியை எட்ட வேண்டும். வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். அப்போதுதான் பொதுவாக அது வெப்ப அலை எனப்படும்.

ஆனால், உயிரிழப்பு இந்த வரம்புகளுக்குக் கட்டுப்படுவதில்லை. 2023 ஏப்ரல் 16-ம் தேதி நவி மும்பையின் கார்கரில், திறந்தவெளியில் நடந்த அரசு விருது விழாவுக்கு வந்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் வெயிலின் தாக்கத்தால் உயிரிழந்தனர். அன்று அப்பகுதியில் பதிவான வெப்பம் சுமார் 38 டிகிரி. தில்லிக்கு அது சாதாரண மே மாத வெயில். கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை உலர்வதில்லை. உடலின் சூடும் வெளியேறுவதில்லை.

நிவாரணத்திலும் சிக்கல் உண்டு. 2021-26 காலத்துக்கான தேசியப் பேரிடர் பட்டியலில் குளிர் அலை இடம்பெற்றது. வெப்ப அலை இடம்பெறவில்லை. பட்டியலை விரிவாக்கக் கோரிய மாநிலங்களின் வேண்டுகோளை 15-வது நிதிக் குழு ஏற்கவில்லை. மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதத்துக்குள் உள்ளூர்ப் பேரிடர்களைச் சமாளிக்க வழி விடப்பட்டது. அதன்படி தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்போர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் அளிக்க முன்வந்தது.

வெயில் ஊருக்கு ஊர் மாறுவது இயற்கை. அந்த வெயிலில் மடிபவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறலாமா என்பதே கேள்வி.