பசுமைப் பட்டையில் இடம் தேடும் சக்கரங்கள்

குருகிராம்: தில்லியை அடுத்துள்ள குருகிராமின் செக்டார் சாலைகளை ஒட்டி நீண்டு கிடக்கும் பசுமைப் பட்டைகளில், பொழுது புலரும்போதே நடைப்பயிற்சியாளர்கள் கூடிவிடுகின்றனர். தலைக்கவசமும் முழங்கால் உறையும் அணிந்து, சக்கரக் காலணியில் தள்ளாடியபடி வரும் சிறுவர் சிறுமியரையும் அவர்களிடையே காணலாம். பெரும்பாலோர் சிறிது தொலைவிலேயே நின்றுவிடுகின்றனர். காரணம், காலடியில் உள்ள தளம்.

ஒரே வரிசையில் சக்கரங்கள் பொருத்தப்பட்ட "இன்லைன்' ஸ்கேட், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1980-ஐ ஒட்டி ஓல்சன் சகோதரர்களால் பிரபலமானது. பனிக்கட்டி இல்லாத மாதங்களில் ஹாக்கி வீரர்கள் பயிற்சி பெறுவதற்கான ஏற்பாடு அது. ஆகவே, பனித்தளம்போல் வழுவழுப்பான பரப்பையே அது எதிர்பார்க்கிறது. இங்குள்ள நடைபாதைகளிலோ "பேவர் பிளாக்' கற்களே பரவலாகப் பதிக்கப்படுகின்றன. இரு கற்களுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் சிறிய சக்கரம் தட்டித் தட்டிச் செல்லும். அதிர்வு கணுக்கால்வரை ஏறும். வேர் முட்டி ஒரு கல் எழும்பியிருந்தால் விழுவது உறுதி. போதாக்குறைக்கு, மார்ச் மாதத்தில் வேப்ப மரங்கள் இலைகளைக் கொட்டிப் பாதையை மூடிவிடுகின்றன.

அப்படியானால் தார் அல்லது கான்கிரீட் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். சிக்கலே அங்குதான். நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படும் பகுதி குருகிராம். மழைநீர் மண்ணில் இறங்க எஞ்சியிருக்கும் இடங்களில் ஒன்று இந்தப் பசுமைப் பட்டை. அண்டையிலுள்ள தில்லியில், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் கூடாது என்று 2013 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கற்களின் இடைவெளியில் நீர் இறங்கும் என்பது பேவர் பிளாக்குக்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால், அடியில் சிமென்ட் கலவை கொட்டிப் பதித்தால் நீரும் இறங்குவதில்லை, சக்கரமும் ஓடுவதில்லை. இருவருக்கும் உதவாத சமரசம் அது.

வசதி படைத்த குழந்தைகளுக்கு அடுக்குமாடி வளாகத்தின் உள்சாலைகள் இருக்கின்றன. வாயிற்கதவுக்கு வெளியே வசிப்போருக்கு வாகனங்கள் பாயும் சாலையே மிச்சம். பிரேக் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே ஒரு சிறுவன் அங்கு இறங்குவது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2013 நவம்பர் 17-ஆம் தேதி "ராஹ்கிரி' என்ற பெயரில் ஞாயிறு காலைகளில் சில சாலைகளை வாகனங்களுக்கு மூடி, மக்களுக்குத் திறந்துவிட்ட நகரம் இதே குருகிராம்தான். சைக்கிளும் ஸ்கேட்டுகளும் அச்சமின்றி ஓடின. மறு ஆண்டு ஜூலையில் தில்லி கன்னாட் பிளேஸுக்கும் அது பரவியது. எனினும், வாரத்தில் சில மணி நேரச் சலுகை நிரந்தரப் பாதைக்கு ஈடாகாது.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதற்கில்லை. ஹாங்ஜௌ ஆசியப் போட்டியில் 2023 அக்டோபர் 2-இல் 3,000 மீட்டர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் இந்திய மகளிர், ஆடவர் அணிகள் இரண்டுமே வெண்கலம் வென்றன. 2025 செப்டம்பரில் சீனாவில் நடைபெற்ற உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 1,000 மீட்டரிலும், 42 கி.மீ. மாரத்தானிலும் தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் இந்தியாவின் முதல் உலக சாம்பியன் அவரே.

குருகிராமின் பசுமைப் பட்டைக்கு இன்னொரு குறையும் உண்டு. அது தொடர்ச்சியாக இல்லை. வளாக நுழைவாயில், பெட்ரோல் நிலையம், சர்வீஸ் சாலை என்று இடையிடையே வெட்டுப்படுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் குழந்தைகள் ஸ்கேட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு சாலையைக் கடந்து, மறுபக்கம் அமர்ந்து மீண்டும் மாட்டிக்கொள்கின்றனர்.