மெய்நிகர் நூலகமும் அடுக்கு உலாவலும்: புதுச்சேரிச் சுவடித் தொகுப்பை முன்வைத்து

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கச் செல்பவர் பூக்கடைகளையும் காய்கறி வரிசையையும் கடந்தே செல்கிறார். வாங்க எண்ணாத பொருளும் கண்ணில் படுகிறது. நூலகத்தில் இதற்கு நிகரான செயலே அடுக்கு உலாவல். திறந்த அடுக்கு முறையைத் தம் நூலக அறிவியல் விதிகளில் (1931) வலியுறுத்திய சீ. இரா. அரங்கநாதன், தொடர்புடைய பொருள்கள் அருகருகே அமையுமாறு கோலன் பகுப்புமுறையை 1933இல் வெளியிட்டார். இணைய நூற்பட்டியலின் தேடற்பெட்டியோ, வாசகர் ஏற்கெனவே அறிந்த பெயரையே கேட்கிறது. மெய்நிகர் நூலகத்தின் பயனை இந்த இழப்பைக் கொண்டே அளவிட வேண்டும்.

மொன்றியாலில் 2015இல் அல்பெர்த்தோ மங்குவேலின் நூலைத் தழுவி ரொபேர் லெபாழ் அமைத்த கண்காட்சி, தலையணிக் கருவிவழிப் பத்து நூலகங்களைக் காட்டியது. கலைப்படைப்பாக அது சிறந்தது. ஆயினும் பார்வையாளர் கட்டடத்தைக் காண்கிறாரேயன்றி நூலைத் தேர்வதில்லை. பாகை 360 ஒளிப்படங்களால் அமையும் நூலகச் சுற்றுலாக்களுக்கும் இக்குறை உண்டு.

புதுச்சேரியின் தேவை வேறு. பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் காக்கும் சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000; யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் 2005இல் இடம்பெற்றவை. பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிச் சுவடிகள். நொறுங்கும் ஓலைக்கட்டுகளைத் திறந்த அடுக்கில் வைத்து யாரையும் அவிழ்க்கவிட முடியாது. எனவே இங்கு மெய்நிகர் வெளி, இழந்த உலாவலை மீட்பதன்று. இதுவரை இல்லாத உலாவலை உருவாக்குவது. ஒரே கட்டில் பல நூல்கள் சேர்ந்திருக்கலாம். அவற்றைப் பிரித்து, ஓர் ஆகமத்தின் எல்லாப் படிகளையும் ஓரிடத்திலும், அதனையொட்டிய பத்ததிகளை அடுத்த வரிசையிலும் நிறுத்தலாம். ஓலை இடம்பெயர வேண்டியதில்லை.

இரு தடைகள் உள்ளன. மனிதக் கண் பாகைக்கு ஏறத்தாழ 60 படப்புள்ளிகளைப் பிரித்தறியும். பரவலாக விற்கும் தலையணிகள் தருவது 20 முதல் 25 வரையே. கிரந்தக் கீறல்களை அதில் வாசிப்பது கடினம். ஆகவே தேர்வு மெய்நிகர் வெளியிலும் வாசிப்பு கணினித் திரையிலும் நிகழ்வதே நடைமுறைக்கு ஏற்றது. இரண்டாவது தடை கருவியைச் சார்ந்ததன்று. நூலகம் வளரும் உயிரி என்பது அரங்கநாதனின் ஐந்தாம் விதி. ஒருமுறை படம்பிடித்த அறை வளராது. அடுக்குகள் நூற்பட்டியலின் தரவிலிருந்தே உருவாக வேண்டும். அதற்கு ஒவ்வொரு கட்டின் உள்ளடக்கமும் பொருள்வாரியாக விவரிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்பணியைச் செய்ய வேண்டியவர்கள் நிரலாளர்கள் அல்லர், கிரந்தம் பயின்ற சுவடியியலாளர்கள்.