கழற்றும் முன் அளந்து பாருங்கள்: கார் எண்ணெய் வடிகட்டியும் அதற்கேற்ற கருவியும்

சொந்தமாகக் கார் வைத்திருப்போரில் பலர், உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு, எஞ்சின் எண்ணெய் மாற்றுவது போன்ற சிறு பராமரிப்பு வேலைகளைத் தாமே செய்து பார்க்க விரும்புகின்றனர். செலவு குறையும், வாகனத்தைப் பற்றிய அறிவும் வளரும் என்பதால் இவ்விருப்பம் வரவேற்கத்தக்கதே. இவ்வேலையில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எண்ணெயை வடிப்பதும் ஊற்றுவதும் எளிது. ஆனால் ‘ஆயில் ஃபில்டர்’ என்று நாம் அழைக்கும் எண்ணெய் வடிகட்டி, கையால் திருகினால் அசைய மறுக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாக்பூரில் பணியாற்றியபோது, ஓர் இரண்டாம் சனிக்கிழமை விடுமுறையில் நானும் இம்முயற்சியில் இறங்கினேன். முதலில் எண்ணெய் முழுவதையும் வடித்தேன். பிறகு வடிகட்டியைத் திருகினேன், அது அசையவில்லை. யாரோ சொல்லக் கேட்டிருந்தபடி ஒரு திருப்புளியை வடிகட்டியின் ஊடே அடித்துச் செருகி, அதையே நெம்புகோலாக்கித் திருப்பினேன். தகரம் கிழிந்தது, வடிகட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. எண்ணெய் இல்லாத வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லவும் வழியில்லை. திங்கட்கிழமை இழுவை வண்டிக்கும் பட்டறைக்கும் சேர்த்துக் கொடுத்த தொகை, நான் மிச்சப்படுத்த நினைத்ததைப்போல் மூன்று மடங்கு. பட்டறையிலிருந்த முதிய மெக்கானிக் கிண்ணம் போன்ற ஒரு சிறு கருவியைப் பொருத்தி, மற்றொரு காரின் வடிகட்டியை அரை நிமிடத்தில் கழற்றிக் காட்டினார். “வலிமை குறைவு என்பதல்ல, அளவு தவறு என்பதே உங்கள் சிக்கல்” என்ற பொருளில் அவர் இந்தியில் கூறியதை இன்றும் மறக்கவில்லை.

வடிகட்டி செய்யும் வேலை

எஞ்சினின் உள்ளே உராய்வினால் உண்டாகும் நுண்ணிய உலோகத் துகள்கள், கரி, தூசி ஆகியவற்றைத் தடுத்து, தூய எண்ணெயை மட்டுமே தாங்கிகளுக்கு அனுப்புவது வடிகட்டியின் பணி. 1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் உருவாக்கிய ‘ப்யூரோலேட்டர்’ வடிகட்டியே மோட்டார் வாகன எண்ணெய் வடிகட்டிகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. இன்று பெரும்பாலான கார்களில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது எண்ணெயும் வடிகட்டியும் சேர்த்து மாற்றப்படுகின்றன. தங்கள் காருக்குரிய இடைவெளியை வாகனக் கையேட்டில் காணலாம்.

எஞ்சின் ஓடும்போது வடிகட்டியினூடே எண்ணெய் அழுத்தத்துடன் பாய்கிறது. ஒரு சிறிய பெட்ரோல் காரில் மொத்தமே 3 லிட்டர் அளவில்தான் எண்ணெய் இருக்கும். வடிகட்டியின் ரப்பர் வளையம் சரியாக அமராவிட்டால், அந்த 3 லிட்டரும் சில நிமிடங்களில் சாலையில் கொட்டிவிடக்கூடும். ஆகவே இதனை அற்ப வேலை என்று எண்ணலாகாது.

முதற் கேள்வி: எந்த வகை?

கருவி வாங்குமுன் நம் காரில் இருப்பது எவ்வகை வடிகட்டி என்று அறிய வேண்டும். முதல் வகை, தகர உருளை வடிவில் முழுதாகத் திருகிப் பொருத்தப்படுவது. நம் நாட்டின் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இதனையே காணலாம். இதில் உருளை முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுகிறோம்.

இரண்டாம் வகையில் நிலையான ஒரு கூடும், அதன்மேல் பிளாஸ்டிக் அல்லது அலுமினிய மூடியும் இருக்கும். மூடியைத் திறந்து உள்ளேயுள்ள காகித வடிகட்டியையும் ரப்பர் வளையத்தையும் மட்டும் மாற்ற வேண்டும். ஸ்விஃப்ட், டிசைர் முதலிய பல கார்களில் இடம்பெற்ற ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய மூடிகள் பலவற்றில் 24, 27, 32 அல்லது 36 மி.மீ. அளவுள்ள அறுகோணத் தலை இருக்கும். அதற்குச் சரியான சாக்கெட் ஒன்றே போதும். தனிக் கருவி தேவையில்லை. அறுகோணத் தலை இல்லாத மூடிகளுக்குக் கிண்ண வடிவக் கருவி வேண்டும். பிளாஸ்டிக் மூடியின்மேல் சங்கிலியையோ நகக் கருவியையோ ஒருபோதும் பயன்படுத்தலாகாது. மூடி விரிசல் கண்டுவிடும்.

இரண்டாம் கேள்வி: என்ன அளவு?

தகர உருளை வடிகட்டியின் அடிமுனையைக் கூர்ந்து நோக்கினால், விளிம்பைச் சுற்றிலும் சிறு சிறு தட்டைப் பட்டைகள் இருப்பதைக் காணலாம். கிண்ண வடிவக் கருவியின் உட்புறத்திலும் அதே எண்ணிக்கையில் பட்டைகள் இருக்கும். ஆகவே அக்கருவியின்மேல் விட்டம், பட்டைகளின் எண்ணிக்கை என இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 65/67 மி.மீ. – 14 பட்டை, 74/76 மி.மீ. – 15 பட்டை ஆகியன கடைகளில் பரவலாகக் கிடைக்கும் அளவுகள். விட்டம் பொருந்திப் பட்டைகளின் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் கருவி வழுக்கும், ஒரு மி.மீ. தளர்வாக இருந்தாலும் வழுக்கும்.

அளப்பதற்கு வெர்னியர் அளவி இருந்தால் நலம். இல்லையேல் பட்டைகள் உள்ள முனையைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அந்த நூலின் நீளத்தை 3.14ஆல் வகுத்தால் தோராயமான விட்டம் கிடைக்கும். நூலின் நீளம் 210 மி.மீ. எனில் விட்டம் ஏறத்தாழ 67 மி.மீ. ஆகும்.

இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்றைச் சுட்ட வேண்டும். புதிதாக வாங்கிய வடிகட்டியைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதில் பொருந்தும் கிண்ணத்தை வாங்கி வருவர். ஆனால் காரில் முன்பே மாட்டப்பட்டிருப்பது வேறு நிறுவனத்தின் தயாரிப்பாக இருக்கலாம். அதன் விளிம்பளவும் வேறாக இருக்கலாம். கழற்றப்போவது பழைய வடிகட்டியையே என்பதை மறவாமல், அதன்மேல் அச்சிட்டுள்ள பெயரையும் எண்ணையும் பார்த்து, இயன்றால் அதையே அளந்துகொள்ளவும். அடுத்தடுத்த முறைகளிலும் ஒரே நிறுவனத்தின் வடிகட்டியையே வாங்கி வந்தால், ஒரு கிண்ணக் கருவி பல்லாண்டு பயன்படும்.

மூன்றாம் கேள்வி: கை நுழையும் இடம் எவ்வளவு?

வடிகட்டியைச் சுற்றிப் புகைக்குழாய், குளிர்சாதனக் குழாய், மின்கம்பிகள் ஆகியன நெருங்கி அமைந்திருக்கும். எப்பக்கம் இடமுண்டோ அதற்கேற்பக் கருவி மாறுபடும்.

கிண்ண வடிவக் கருவி: கடைகளில் ‘கப் டைப்’ என்று கேட்டால் தருவர். பக்கவாட்டில் இடமே இல்லாவிட்டாலும், அடிமுனை மட்டும் எட்டினால் போதும். ராட்செட் கைப்பிடியில் மாட்டித் திருப்பலாம். வடிகட்டியின் தகரம் நசுங்காது. ஓர் அளவுக்கு ஒன்றே பொருந்தும் என்பது இதன் குறை.

மூன்று நகக் கருவி: திருப்பத் திருப்ப நகங்கள் தாமே இறுகிப் பிடிக்கும். ஒரே கருவி பல அளவுகளுக்குப் பொருந்துவதால், வீட்டில் இரண்டு மூன்று வாகனங்கள் வைத்திருப்போர்க்கு ஏற்றது. நகங்கள் நுழைவதற்கு வடிகட்டியைச் சுற்றிலும் இடைவெளி வேண்டும். நகங்கள் தகரத்தில் தடம் பதிக்கும். எறியப்போகும் வடிகட்டி என்பதால் அதனால் தீங்கில்லை.

பட்டை ரிஞ்ச்: நைலான் பட்டையோ மெல்லிய எஃகு வளையமோ வடிகட்டியைச் சுற்றி இறுகும். பக்கவாட்டில் கைப்பிடியை அசைக்க இடம் தேவை. எண்ணெய்ப் பசை இருந்தால் வழுக்கும் என்பதால், முதலில் துணியால் நன்கு துடைத்துவிட வேண்டும்.

சங்கிலி ரிஞ்ச்: லாரி, டிராக்டர் போன்றவற்றின் பெரிய வடிகட்டிகளுக்குரியது. காரின் மெல்லிய தகரத்தை எளிதில் நசுக்கிவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் கையாளத்தக்கது.

மேற்கூறியவற்றுள் பட்டையையோ சங்கிலியையோ பயன்படுத்துவோர், வடிகட்டியின் நடுப்பகுதியைப் பற்றாமல், எஞ்சினோடு சேரும் முனைக்கு அருகில் பற்ற வேண்டும். அங்கே உள்ளே தடித்த உலோகத் தட்டு இருப்பதால் தகரம் எளிதில் வளையாது. நடுப்பகுதியோ வெறுங்கூடு, அழுத்தினால் சுருங்கும், பிறகு எந்தக் கருவியும் பிடிக்காது.

கழற்றும் முறை

காரை உயர்த்த ஜாக்கி மட்டும் போதாது. ஜாக்கி சரிந்து உயிரிழப்பு நேர்வது உண்டு. சமதரையில் கைத்தடையிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உறுதியான தாங்கிகளின்மேல் காரை நிறுத்திய பின்னரே அடியில் செல்ல வேண்டும். எஞ்சின் கொதிநிலையில் இருக்கும்போது தொடலாகாது. இளஞ்சூட்டில் வேலை செய்வதே நன்று.

எண்ணெயை வடிப்பதற்கு முன்பே வடிகட்டி அசைகிறதா என்று சோதித்துவிடுவது சிறந்த முன்னெச்சரிக்கை. அது அசையாமலும், நசுங்காமலும் இருந்தால், எண்ணெய் உள்ளே இருக்கும்போதே வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றுவிடலாம். நான் செய்யத் தவறியது இதுவே.

முதலில் கையாலேயே முயலலாம். கரடுமுரடான உப்புத்தாளை வடிகட்டியின்மேல் சுற்றிப் பிடித்தால் பிடிமானம் பெருகும். அதற்கும் அசையாவிட்டால் கருவியை எடுக்கலாம். வடிகட்டியின் அடிமுனையை நேராக நோக்கியபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்துத் திருப்புவோர்க்கு இத்திசை மாறித் தோன்றும். கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிவிடுவோர் பலர். வெடுக்கென்று இழுக்காமல், சீரான விசையைக் கூட்டிக்கொண்டே வருவது நலம். திருப்புளியைச் செருகும் வழியை அறவே தவிர்க்கவும்.

மாட்டுவதற்குக் கை போதும்

வடிகட்டி இத்துணை இறுகிப்போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். முன்பு மாட்டியவர் கருவியால் முறுக்கியிருப்பார். அல்லது ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவாமல் மாட்டியிருப்பார். இரண்டையும் நாம் தவிர்த்தால் அடுத்த முறை வேலை எளிதாகும்.

பழைய வடிகட்டியைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதனோடு வந்துவிட்டதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சில வேளைகளில் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் காணாமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து, அழுத்தம் ஏறியதும் எண்ணெய் பீறிடும்.

புதிய வளையத்தின்மேல் புது எண்ணெயை விரலால் தடவி, கையால் திருக வேண்டும். வளையம் எஞ்சினைத் தொட்ட பிறகு ஏறத்தாழ முக்கால் சுற்று போதுமானது. துல்லியமான அளவு வடிகட்டியின்மேலோ பெட்டியின்மேலோ அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாம் வகையின் பிளாஸ்டிக் மூடிகளில் இறுக்க விசை நியூட்டன் மீட்டரில் குறிக்கப்பட்டிருப்பது வழக்கம். பலவற்றில் அது 25 ஆகும். அதற்கு டார்க் ரிஞ்ச் பயன்படுத்துவது முறை. புது எண்ணெய் ஊற்றி எஞ்சினை இயக்கியதும், எண்ணெய் எச்சரிக்கை விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்திவிடவும். அணைந்தால், சிறிது நேரம் ஓடவிட்டுக் கசிவு உண்டா என்று பார்த்து, நிறுத்திய பின் அளவுகோலில் எண்ணெய் மட்டத்தைச் சரிபார்க்கவும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றலாகாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவாகும். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய எண்ணெயை முறையாகச் சேகரிக்கும் பணிமனையில் ஒப்படைக்கவும்.

பணக்கணக்கும் பார்ப்போம்

வாகனக் கடன்கள் ஏழாண்டு வரைகூட வழங்கப்படுகின்றன. உற்பத்தியாளரின் உத்தரவாதம் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். அதன்பின் எஞ்சின் பழுதுபட்டால் செலவும் நம்முடையது, தவணையும் நம்முடையது. வழக்கமான மோட்டார் காப்பீட்டுப் பாலிசியில் இயந்திரப் பழுதுக்கும் தேய்மானத்துக்கும் இழப்பீடு கிடையாது. கூடுதல் பிரீமியம் செலுத்திப் பெறும் எஞ்சின் பாதுகாப்புக்கும் நிபந்தனைகள் உண்டு. பாலிசியை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று. வடிகட்டியின் ஒரு ரப்பர் வளையத்தில் நேரும் பிழை, எஞ்சினையே பழுதாக்கும் அளவுக்குப் போகலாம் என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

உத்தரவாதம் நடப்பில் உள்ள காருக்கு, உத்தரவாதப் புத்தகம் கூறும் பராமரிப்பு முறையையே பின்பற்றி, ரசீதுகளைப் பத்திரப்படுத்தி வைக்கவும். உத்தரவாதம் முடிந்த காருக்குத் தாமே எண்ணெய் மாற்ற விரும்புவோர், வடிகட்டியின் வகை, விட்டமும் பட்டைகளும், சுற்றியுள்ள இடம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கருவிக் கடைக்குச் செல்லவும். மாற்றிய தேதி, கிலோமீட்டர், வடிகட்டியின் எண், பொருந்திய கருவியின் அளவு ஆகியவற்றை அதே தாளில் எழுதி வாகன ஆவணங்களுடன் வைத்தால், அடுத்த ஆண்டு மீண்டும் அளக்க வேண்டிய வேலை இராது.