நாற்பதுக்குப் பிறகு ஓடலாமா? தூத்துக்குடிக் கடற்கரைக்கு ஏற்ற காலை ஓட்ட வழிகாட்டி!

தூத்துக்குடிக்காரர்களுக்கு வெயிலுக்கு முன்பே எழுவது புதிய பழக்கம் இல்லை. உப்பளத் தொழிலாளர்கள் பொழுது விடிவதற்குள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் கண் கூசும், உடம்பும் தாங்காது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் நடந்த காலத்தில், நள்ளிரவுக்குப் பிறகு கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றைப் பிடித்துத்தான் படகுகள் கிளம்பின. சூரியன் உதிக்கும்போது முத்துப்பாரில் நிற்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் அதிலேயே கரை திரும்பும்.

இன்று அதே அதிகாலையில் ரோச் பூங்கா பக்கமும், கடற்கரைச் சாலையிலும், தருவை மைதானத்திலும் ஷூ மாட்டிக்கொண்டு வருகிறவர்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் நிறைய. பகலெல்லாம் கல்லாவிலோ கம்ப்யூட்டர் முன்போ உட்கார்ந்திருப்பவர்கள். 'சுகர் பார்டர்ல இருக்கு' என்று டாக்டர் சொன்ன பிறகு எழுந்தவர்களும் உண்டு. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். பயம் வருவது நியாயம்தான். ஆனால், அந்தப் பயத்தில் முதல் நாளே மூச்சிரைக்க ஓடினால், பத்தாவது நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

இதயம் சீக்கிரம் பழகும்... மூட்டு பழகாது!

ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தேறிவிடும். மூச்சு வாங்குவது குறையும். 'நம்மால் இன்னும் ஓட முடியும்' என்ற தெம்பு வரும். ஆனால் தசைநாண், மூட்டு, எலும்பு ஆகியவை அந்த வேகத்துக்கு வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். வயது கூடக்கூட இந்த இடைவெளியும் கூடும். நடுத்தர வயதில் ஓட வந்து காயப்படுகிற பலர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். மூச்சு 'போ' என்கிறது; முழங்கால் 'நில்' என்கிறது. முதல் இரண்டு மாதங்களுக்கு முழங்காலின் பேச்சைக் கேட்பதே நல்லது.

பொறுமையாகப் போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சென்னையின் முன்னாள் மேயரும், 2021-ல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவருமான மா.சுப்பிரமணியன், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகே ஓட வந்தவர். சர்க்கரை நோயும், விபத்தில் அடிபட்ட முழங்காலும் இருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியிருக்கிறார். ஓர் அரை மாரத்தான் என்பது 21.1 கிலோமீட்டர். 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையுடன் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டமும் முதலில் நடக்கத்தான் சொல்கிறது.

ஷூ வாங்கும் முன் ஒரு பரிசோதனை

உலகத்துக்கே ஓடச் சொல்லிக்கொடுத்த ஒருவரின் கதையை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த ஜிம் ஃபிக்ஸ், 35 வயதில் சிகரெட்டையும் உடல் எடையையும் விரட்ட ஓடத் தொடங்கினார். 1977-ல் அவர் எழுதிய ஓட்டப் பயிற்சிப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. 1984 ஜூலையில், 52 வயதில், ஓடப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக் குழாய்களில் அடைப்பு இருந்தது தெரியவந்தது. அவருடைய அப்பாவும் 43 வயதில் இதய நோயால் இறந்தவர்.

ஓட்டம் இதயத்துக்கு நல்லது. ஆனால், ஏற்கெனவே இருக்கும் அடைப்பை அது கண்டுபிடித்துச் சொல்லாது. எனவே நாற்பதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், இ.சி.ஜி. பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

ஓட்டம் முந்தைய இரவே தொடங்குகிறது

இரவு பத்து மணிக்கு சால்னாவில் ஊறிய பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு, ஐந்து மணிக்கு எழுந்து ஓட முடியாது; வயிறும் ஒத்துழைக்காது, தூக்கமும் போதாது. எட்டு மணிக்குள் சாப்பாடு, பத்து மணிக்குள் படுக்கை. ஷூ, சாக்ஸ், துண்டு எல்லாவற்றையும் இரவே எடுத்து வைத்துவிட்டால் காலையில் சாக்குச் சொல்ல வழி இருக்காது.

காலை 5 முதல் 6.30 வரை

5.00: எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். தூங்கி எழும் நேரத்தில் ரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறும். மாரடைப்புகளும் காலை வேளையில் சற்று அதிகம். அதனால் படுக்கையிலிருந்து நேராகச் சாலைக்கு ஓடக் கூடாது. குறைந்தது இருபது நிமிடம் உடம்புக்குக் கொடுங்கள்.

5.20: கணுக்கால், இடுப்பு, தோள் மூட்டுகளைச் சுழற்றுவது, முழங்காலை உயர்த்தி மெதுவாக அடியெடுத்து வைப்பது என ஐந்து நிமிடம். பிறகு ஐந்து நிமிடம் நடை. குளிர்ந்த தசையை இழுத்துப் பிடித்து நிற்கும் பயிற்சிகளை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

5.30: ஓட்டமும் நடையும். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் கேலோவே, 'ஓடு, நட, ஓடு' என்ற முறையைப் பிரபலமாக்கினார். நடுவில் நடப்பது தோல்வியில்லை, அதுவே பயிற்சி. பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் வேகம் சரி. வார்த்தை உடைந்தால் நடையை அதிகப்படுத்துங்கள்.

6.00: திடீரென்று நிற்காமல் பத்து நிமிடம் மெல்ல நடை. பிறகு பின்னங்கால், தொடைத் தசைகளை நிதானமாக நீட்டுங்கள்.

6.30: ஒரு வாழைப்பழம், ஊறவைத்த பயறு அல்லது அவித்த முட்டை. வியர்வை அதிகம் போன நாளில் நீராகாரமோ மோரோ நல்லது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எட்டு வார அட்டவணை

* 1, 2-ம் வாரம்: வாரத்துக்கு ஐந்து நாள், தினமும் 30 நிமிட வேக நடை மட்டும்.
* 3, 4-ம் வாரம்: 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை; எட்டு முறை.
* 5, 6-ம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு முறை.
* 7, 8-ம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, ஆறு முறை.

மூன்றாவது வாரத்திலிருந்து ஓட்டம் ஒன்றுவிட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூன்று நாள் போதும். மற்ற நாள்களில் நடை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உடற்பயிற்சி. கூடவே இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவதும்கூட அதில் சேரும்.

காற்றும் மணலும்

தூத்துக்குடியில் மே, ஜூன் மாதங்களில் ஆறு மணியையொட்டியே சூரியன் உதித்துவிடும். ஜனவரியில் ஆறரை மணியைத் தாண்டும். கோடையில் ஆறேகாலுக்குள் ஓட்டத்தை முடித்துவிடுவது பாதுகாப்பு. அதிகாலையில் வெப்பம் குறைவு என்றாலும் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை வழியுமே தவிர உலராது; உலராவிட்டால் உடம்பு குளிராது. அந்த மாதிரி புழுக்கமான நாளில் கடிகாரத்தோடு போட்டி வேண்டாம்.

தென்மேற்குப் பருவக் காலத்தில் மழை எட்டிப் பார்க்காது. கச்சான் காற்றுதான் ஆளைத் தள்ளும். ஊருக்குள்ளிருந்து கடலை நோக்கி ஓடும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ள, ஓட்டம் சுலபமாகத் தெரியும். திரும்பும்போது முகத்தில் அறையும். போகும்போதே பாதித் தெம்பை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை மணலில் ஓடுவது மூட்டுக்கு மெத்தை என்று நினைப்பவர்கள் உண்டு. கால் புதையும் மணலில் குதிகால் நரம்புக்கும் கெண்டைக்காலுக்கும் சுமை கூடும். அலையோர ஈர மணலோ ஒரு பக்கம் சரிந்திருக்கும்; ஒரே திசையில் ஓடினால் இடுப்பு வலிக்கும். தொடக்கத்தில் மைதானத்து மண்தரையே நல்லது.

லாரியும் நாயும்

துறைமுகத்துக்குப் போகும் சாலைகளில் இரவு பகல் பாராமல் கன்டெய்னர் லாரிகள் ஓடும். அந்தப் பக்கம் ஓட்டமே வேண்டாம். 89 வயதில் முதல் மாரத்தான் ஓடி உலகப் புகழ்பெற்ற ஃபௌஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் தன் ஊர்ச் சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி இறந்தார். சாலையோரம் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் எதிரே வரும் வாகனம் தெரியும்படி வலது ஓரமாக, வெளிர்நிறச் சட்டையில், காதில் இயர்போன் இல்லாமல் ஓடுங்கள்.

தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு...

இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை அளவு திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே உட்கார்ந்து குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிட வேண்டும். பையில் கோவில்பட்டி கடலைமிட்டாய் இருக்கிறதே என்று நம்பக் கூடாது. கடலையில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் இருந்தால் 'வாயுத் தொல்லை' என்று சோடா குடித்துச் சமாளிக்காதீர்கள். அங்கேயே நின்று 108-ஐ அழையுங்கள்.

காலை ஐந்து மணி யாருக்குச் சொந்தம்?

நடுத்தர வயதில் ஓட்டம் பெண்களுக்கு இன்னும் அவசியம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். உடல் எடையைக் காலில் தாங்கிச் செய்யும் நடையும் ஓட்டமும் அந்த இழப்பைத் தடுக்க உதவும். ஓடும்போது சிறுநீர்க் கசிவு இருந்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிட வேண்டாம். இடுப்புத் தளத் தசைப் பயிற்சியால் பலருக்கு அது சரியாகிறது.

ஆனால் பல வீடுகளில் காலை ஐந்து மணி என்பது அப்பாவுக்கு ஓட்ட நேரம், அம்மாவுக்கு அடுப்பு நேரம். வாரத்தில் மூன்று நாள் அவர் ஓடட்டும். மூன்று நாள் இவர் ஓடட்டும். யார் வீட்டில் இருக்கிறாரோ அவர் அன்று இட்லிப் பானையை ஏற்றட்டும். ஷூ இரண்டு ஜோடி வாங்கும்போதே இந்த ஒப்பந்தத்தையும் பேசி முடித்துவிடுங்கள்!